பெட்டிகள் பல, வாயில் ஒன்று: ஏஐ ஏஜென்ட்டுகளுக்கான கன்டெய்னர் சூழல்கள்

ஒரு நிரலாளர் ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஏஐ ஏஜென்ட்டுகளை வேலைக்கு விடுவதும், ஒவ்வொன்றுக்கும் கணினிக்குள் தனிக் கன்டெய்னர் ஒதுக்குவதும் 2025-இல் பரவத் தொடங்கிய நடைமுறை. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆந்த்ரோபிக் நிறுவனம் கிளாட் கோடை முன்னோட்டமாக வெளியிட்டது. மே மாதம் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கோடெக்ஸ், ஒவ்வொரு பணியையும் மேகக் கணினியில் தனி அடைப்புக்குள் ஓட்டியது. ஜூனில், கன்டெய்னர் கருவியான டாக்கரை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸின் அடுத்த நிறுவனமான டேகர், ஏஜென்ட்டுக்கு ஒரு கன்டெய்னர், ஒரு கிட் கிளை என்று பிரித்துக் கொடுக்கும் கருவியைத் திறந்த மூலமாகக் கொண்டுவந்தது.

ஏஜென்ட்டின் வேலைமுறை எளிது. மொழி மாதிரியிடம் ஒரு பணி தரப்படுகிறது. அது கோப்புகளைப் படிக்கிறது, நிரலைத் திருத்துகிறது, கட்டளையை ஓட்டிப் பார்க்கிறது, வந்த பிழைச் செய்தியைப் படித்து மறுபடி திருத்துகிறது. சோதனைகள் தேறும்வரை இந்தச் சுற்று நடக்கும். அதற்குப் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பானேன் என்ற எண்ணத்தில்தான் இரண்டாவது ஏஜென்ட்டும் மூன்றாவதும் வந்து சேர்கின்றன.

வடசென்னையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம் வட்டாரத்தில், துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர்களை இறக்கி வைத்து, சுங்கச் சோதனை முடித்து அனுப்பும் சி.எஃப்.எஸ். நிலையங்கள் பல உண்டு. பல ஏஜென்ட்டுகள் ஒன்றாக வேலை செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க, அப்படி ஒரு நிலையத்துக்கான மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மூன்று வேலைகள் காத்திருக்கின்றன: வாயிலில் பதிவாகும் கன்டெய்னர் எண் சரியானதா என்று பார்ப்பது, இலவச நாட்கள் கழிந்தபின் கிரவுண்ட் ரென்ட் எனும் இட வாடகையைக் கணக்கிடுவது, எத்தனை வண்டி உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று மாலையில் கேட் அறிக்கை எடுப்பது. மூன்றையும் மூன்று ஏஜென்ட்டுகளிடம் கொடுத்து ஒரே அடைவில் விட்டால் அரை மணி நேரத்தில் குழப்பம் ஆரம்பிக்கும். ஒன்று பாதி எழுதி வைத்த கோப்பை இன்னொன்று படித்து, பிழை என்று முடிவு கட்டித் திருத்திவிடும். இரண்டு சேவையகங்கள் 3000 என்ற ஒரே போர்ட் எண்ணுக்கு மோதும். எண் சரிபார்ப்புக்காக ஒரு ஏஜென்ட் தரவுத்தளத்தைத் துடைத்தால், வாடகைக் கணக்கை ஓட்டிக்கொண்டிருக்கும் ஏஜென்ட் காலி அட்டவணையைக் கண்டு தன் நிரல்தான் கெட்டது என்று நினைத்து, நன்றாக இருந்ததைப் பிரித்துப் போடும்.

முதல் தீர்வாகப் பலரும், நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவியான கிட்டின் ஒர்க்ட்ரீ வசதியை நாடுகிறார்கள். 2015 ஜூலையில் வந்த கிட் 2.5 பதிப்பில் சேர்ந்தது இது. ஒரே களஞ்சியத்திலிருந்து பல அடைவுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிளையை வைத்துக்கொள்ளலாம். கோப்பு மோதல் தீர்ந்துவிடும். ஆனால் தீர்வது அது மட்டும்தான். போர்ட் எண், தரவுத்தளம், நிறுவப்பட்ட நிரலகங்களின் பதிப்பு ஆகிய மூன்றும் அப்போதும் பொதுவாகவே கிடக்கின்றன. அவற்றையும் பிரிக்கத்தான் கன்டெய்னர்.

மென்பொருள் உலகம் இந்த உருவகத்தைத் துறைமுகத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டது; முதுகில் பெட்டிகளை அடுக்கிய திமிங்கிலத்தை டாக்கர் தன் சின்னமாக வைத்திருப்பது அதனால்தான். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி, ஐடியல் எக்ஸ் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்குக்கு டன்னுக்கு ஐந்து டாலருக்கு மேல் ஆன ஏற்றுக்கூலி, பெட்டியில் ஏறத்தாழ 16 சென்ட் ஆனது. பெட்டியின் நீள அகலமும் மூலைப் பூட்டும் உலகமெங்கும் ஒன்றாக்கப்பட்ட பிறகு, உள்ளே துணியா இயந்திரமா என்று கிரேன் இயக்குபவர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம், கன்டெய்னருக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் முனையம், 1983 டிசம்பரில் திறக்கப்பட்டது. சாக்கு மூட்டையும் கொக்கியுமாக இருந்த இராயபுரம் பக்கத்து வேலைகள் பல அதோடு தேய்ந்தன. டிரெய்லர் ஓட்டுநர், சர்வேயர், சி.எஃப்.எஸ். எழுத்தர் என்று வேறு வேலைகள் வந்தன. போன வேலையில் இருந்தவர்களுக்கே வந்த வேலை கிடைத்ததா என்பது வேறு கேள்வி. ஏஜென்ட்டுகளைப் பற்றிப் பேசும்போதும் அதே கேள்வி எழத்தான் செய்யும்.

கணினியில் கன்டெய்னர் என்பது உண்மையில் பெட்டியே அல்ல, லினக்ஸ் கெர்னல் கட்டும் சில வேலிகளின் தொகுப்பு. ஒரு நிரலுக்குக் கோப்பு முறைமையின் ஒரு மூலையை மட்டும் காட்டும் உத்தி 1979-இலேயே யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் இருந்தது. பின்னாளில் லினக்ஸில் நேம்ஸ்பேஸ் என்ற வேலிகள் ஒவ்வொன்றாக வந்தன. செயல்முறைகளின் பட்டியல், வலையமைப்பு, பயனர் எண் ஆகிய எல்லாவற்றிலும் உள்ளே இருக்கும் நிரலுக்குத் தன் பங்கு மட்டுமே தெரியும். எவ்வளவு நினைவகம், எவ்வளவு சிபியு என்று அளந்து கொடுக்கும் சிகுரூப் வசதியை கூகுள் பொறியாளர்கள் எழுத, 2008-இல் அது கெர்னலில் சேர்ந்தது. இவற்றையெல்லாம் ஒரே கட்டளையில் கட்டிக் கொடுத்த டாக்கர் 2013 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. பெட்டிக்குப் பொது அளவு வகுக்கும் ஓசிஐ அமைப்பு 2015 ஜூனில் உருவானது.

ஏஜென்ட்டுகளுக்கு இதில் மிகவும் பயன்படுவது, சூழல் முழுவதையும் ஓர் உரைக் கோப்பில் எழுதிவிடலாம் என்பது. எந்த அடிப்படை இமேஜ், எந்தப் பைத்தான் பதிப்பு, எந்தத் தரவுத்தளம், தொடக்கத்தில் எந்த மாதிரித் தரவு என்று டாக்கர்ஃபைலில் எழுதிவிட்டால் நான்காவது பெட்டியும் முதல் பெட்டியைப் போலவே பிறக்கும். ஏஜென்ட் உள்ளே எதையாவது கெடுத்துவிட்டால் பழுது பார்க்கத் தேவையில்லை. தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எழுப்பினால் போதும். வட்டு இடமும் அதிகம் போகாது. இமேஜ் அடுக்கடுக்காகச் சேமிக்கப்படுகிறது; பொதுவான அடுக்குகளை எல்லாப் பெட்டிகளும் பகிர்ந்துகொள்ள, மாற்றம் செய்த கோப்புக்கு மட்டும் தனிப்படி உண்டாகிறது. ஒரு ஜி.பி. இமேஜிலிருந்து பத்துப் பெட்டி எழுப்பினாலும் பத்து ஜி.பி. ஆவதில்லை.

நினைவகத்தில் இந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தரவுத்தளம், ஒரு சேவையகம், ஒரு சோதனை ஓட்டம் என்றால் அத்தனைக்கும் தனித்தனியாக இடம் வேண்டும். பெட்டிக்கு 3 ஜி.பி. என்று வைத்தால், 16 ஜி.பி. மடிக்கணினியில் நான்கு பெட்டிக்கே 12 போய்விடும். மிச்சத்தில் இயங்குதளமும் உலாவியும் பிழைத்துக்கொள்ள வேண்டும். வரம்பு குறிக்காமல் விட்டால் கதை இன்னும் மோசம். ஒரு பெட்டியின் சோதனை நினைவகத்தை விழுங்க, கெர்னல் ஏதாவது ஒரு செயல்முறையைக் கொன்று இடம் பிடிக்கும். கொல்லப்படுவது குற்றமற்ற பக்கத்துப் பெட்டியின் தரவுத்தளமாகவும் இருக்கலாம். விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்துக்குள்தான் ஓடுகிறது என்பதால், அந்த இயந்திரத்துக்கு ஒதுக்கிய அளவே மொத்த வரம்பு. போர்ட் எண்ணில் மட்டும் கவலையில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வலையமைப்பு இருப்பதால் எல்லாவற்றிலும் தரவுத்தளம் 5432-இலேயே கேட்டுக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கத் திறக்கும்போது மட்டும் வெவ்வேறு எண் கொடுத்தால் போதும்.

ஒர்க்ட்ரீயையும் கன்டெய்னரையும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் வழக்கமாக ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒர்க்ட்ரீ அடைவுக்குள் இருக்கும் கிட் பதிவு ஒரு சிறு கோப்புதான். மூலக் களஞ்சியம் எங்கே இருக்கிறது என்ற முழுப் பாதை மட்டும் அதில் எழுதியிருக்கும். அந்த அடைவை மட்டும் பெட்டிக்குள் பொருத்தினால், அந்தப் பாதை உள்ளே இல்லாததால் கிட் வேலை செய்யாது. உடனே மூலக் களஞ்சியத்தையும் எழுதும் உரிமையோடு உள்ளே பொருத்திவிடுகிறார்கள். இது ஆபத்து. களஞ்சியத்தில் ஹூக் எனப்படும் சிறு நிரல்கள் உண்டு. கமிட் செய்யும்போது அவை தாமாக ஓடும். உள்ளிருக்கும் ஏஜென்ட் அங்கே ஒரு வரி எழுதினால், அடுத்த முறை நிரலாளர் வெளியே கமிட் செய்யும்போது அந்த வரி பெட்டிக்கு வெளியே, அவருடைய உரிமையோடு ஓடும். பெட்டிக்குள் முழுப்படியாக ஒரு குளோன் எடுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் கிளையை மட்டும் வெளியிலிருந்து இழுத்துக்கொள்வது பாதுகாப்பானது. கிளையை இழுக்கும்போது ஹூக் கூட வராது.

பாதுகாப்பு என்பதற்காகவே கன்டெய்னரை நாடுவோரும் உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் நான்கு ஏஜென்ட்டுகளை ஓட்டி என்ன பயன்? பெட்டிக்குள் விட்டு, கேட்காமலே செய் என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கு வேலி உறுதியாக இருக்க வேண்டும். கன்டெய்னர்கள் எல்லாம் ஒரே கெர்னலைப் பகிர்கின்றன. 2019 பிப்ரவரியில், கன்டெய்னரை ஓட்டும் ரன்சி நிரலிலேயே, உள்ளிருந்து வெளியேற வழி தரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. முன்பின் தெரியாத நிரலை ஓட்டுவதென்றால் ஃபயர்கிராக்கர் போன்ற சிறு மெய்நிகர் இயந்திரங்களோ ஜிவைசர் போன்ற கூடுதல் வேலியோ மேல். ஆனாலும் நடைமுறையில் கெர்னல் ஓட்டையைவிட, ஆட்களே திறந்து வைக்கும் கதவுகள்தான் அதிகம். டாக்கரின் கட்டுப்பாட்டுச் சாக்கெட்டை உள்ளே பொருத்துவது பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைப்பது. வீட்டு அடைவு முழுவதையும் பொருத்தினால் எஸ்எஸ்எச் சாவிகளும் கூடவே போய்விடும்.

வலையமைப்பை அடைக்கவும் காரணம் இருக்கிறது. மொழி மாதிரிக்குத் தான் படிக்கும் உரையில் எது தரவு, எது கட்டளை என்று உறுதியாகப் பிரிக்கத் தெரியாது. இணையத்திலிருந்து இறக்கிய ஒரு நிரலகத்தின் விளக்கக் கோப்பில், சூழல் மாறிகளை இன்ன முகவரிக்கு அனுப்பு என்று யாராவது எழுதி வைத்திருந்தால் ஏஜென்ட் அதற்குக் கீழ்ப்படியக்கூடும். ரகசியத் தரவு, நம்பத்தகாத உரை, வெளித்தொடர்பு ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிரலாளர் சைமன் வில்லிசன் 2025-இல் எழுதியது இதைப் பற்றித்தான். கிட், நிரலகக் கிடங்கு, மாதிரியின் சேவையகம் ஆகியவற்றுக்கு மட்டும் வழி விட்டு மற்றதை அடைப்பதும், உண்மையான வாடிக்கையாளர் தரவுக்குப் பதில் போலித் தரவை வைப்பதும் வழக்கமான ஏற்பாடு.

பெட்டியை எழுப்புவது சுலபம் என்பதாலேயே மறந்துபோவதும் சுலபம். 2020 ஆகஸ்டு 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான், சுங்கத்துறை 2015-இல் கைப்பற்றிய கிட்டத்தட்ட 700 டன் அமோனியம் நைட்ரேட் மணலி சி.எஃப்.எஸ். ஒன்றில் 37 கன்டெய்னர்களில் கிடப்பது ஊருக்குத் தெரிந்தது; அவசரமாக அது ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. கணினியில் கைவிடப்பட்ட பெட்டி வெடிக்காது. ஆனால் பழைய கடவுச்சொல், பாதியில் நின்ற கிளை, நிரம்பும் வட்டு என்று எச்சம் விடும். பணியின் பெயரையும் கிளையின் பெயரையும் பெட்டிக்கு ஒன்றாகவே வைத்தால் எது எதற்கு என்பது தெரியும். கிளை சேர்ந்த அன்றே பெட்டியையும் அதன் தரவுத் தொகுதியையும் அழிக்க வேண்டும். டாக்கரில் பெட்டியை அழித்தாலும் பெயரிட்ட தொகுதி தானாக அழியாது.

இதுவரை சொன்னதெல்லாம் தொழில்நுட்பத்தால் தீரக்கூடியவை. தீராதது வாயில். வடசென்னைக்கு வாயில் நெரிசல் புதிதல்ல. சென்னைத் துறைமுகத்தில் 2001-இல் முதல் முனையம் தனியார் கைக்குப் போனது; 2009-இல் இரண்டாவது முனையம் வந்தது. கப்பலிலிருந்து பெட்டி இறக்கும் திறன் கூடிக்கொண்டே போனது. பெட்டி வெளியேற வேண்டிய வழியோ பழைய ஜீரோ கேட்டும் எண்ணூர் விரைவுச் சாலையும்தான். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் தாண்டியும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றதும், ஓட்டுநர்கள் வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியதும் அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டு கண்ட காட்சி. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டி, 2012-இல் வேலை நின்று, ஈரடுக்குப் பாலமாக 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். கிரேனை வாங்குவது ஒரு நிறுவனத்தின் முடிவு. வாயிலுக்கு வெளியே உள்ள சாலை அப்படியல்ல.

ஏஜென்ட்டுகள் எழுதும் நிரலுக்கு வாயில் என்பது மனிதர் படித்துப் பார்த்து மூலக் கிளையில் சேர்க்கும் இடம். மேலே சொன்ன மூன்று பணிகளும் மூன்று பெட்டிகளில் முடிந்து, மூன்றிலும் சோதனைகள் பச்சையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். கன்டெய்னர் எண்ணைச் சரிபார்க்கும் விதி ஐஎஸ்ஓ 6346 தரநிலையில் இருக்கிறது. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கு 10 முதல் 38 வரை மதிப்பு. இடையில் 11, 22, 33 கிடையாது. முதல் இடத்தை 1-ஆலும் அடுத்ததை 2-ஆலும் அதற்கடுத்ததை 4-ஆலும் என்று இரட்டித்துக்கொண்டே பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்த இலக்கம். சிஎஸ்கியூயு 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் 3. ஏஜென்ட் இதைச் சரியாகவே எழுதி, இந்த எண்ணையே சோதனையாகவும் வைத்திருக்கும். மீதி 10 வந்தால்? அப்போது 0 என்று எழுத வேண்டும். அப்படிப்பட்ட எண்களைத் தவிர்ப்பது நல்லது என்று தரநிலையே சொன்னாலும், அவை புழக்கத்தில் இருக்கின்றன. அந்த ஒரு வரி விடுபட்டால் சோதனைகள் அத்தனையும் தேறும். நல்ல பெட்டியொன்று மட்டும் எண் தவறு என்று கேட்டிலேயே நிற்கும். யார்டில் வேலை பார்த்த எழுத்தர் ஒருவர் நிமிடத்தில் கேட்டுவிடும் கேள்வியை, நிரலை எழுதிய ஏஜென்ட் தானே எழுதிக்கொண்ட சோதனை கேட்பதில்லை. தோற்கும் சோதனையை நிரலுக்கு ஏற்றபடி தளர்த்திவிடும் வழக்கமும் ஏஜென்ட்டுகளுக்கு உண்டு. சேர்க்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது சோதனைக் கோப்பில் என்ன மாறியது என்பதுதான்.

மூன்று கிளைகளும் தனித்தனியே சரியாக இருந்து, சேரும்போது கெடுவது இன்னொரு வகை. எண் சரிபார்க்கும் ஏஜென்ட், இடைவெளிகளை நீக்கிப் பதினோரு எழுத்தாகச் சேமிக்க முடிவெடுக்கிறது. கேட் அறிக்கை எழுதும் ஏஜென்ட், பழைய மாதிரித் தரவைப் பார்த்து, இடைவெளிக்கு முன்னால் உள்ளதை உரிமையாளர் குறியீடாக எடுத்துக்கொள்கிறது. இரண்டும் வெவ்வேறு கோப்பு. கிட் எந்த மோதலும் இல்லை என்று சேர்த்துவிடும். மறுநாள் அறிக்கையில் உரிமையாளர் பத்தி வெறுமையாக இருக்கும். பெட்டிகள் ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பதுதான் அவற்றின் பலம்; இந்தப் பிழை அந்தப் பலத்திலிருந்தே பிறக்கிறது. ஒவ்வொரு கிளையையும் சேர்த்தபின் அடுத்த கிளையைப் புதிய மூலக் கிளையின்மேல் ஏற்றி, சோதனைகளை மறுபடி ஓட்டிய பிறகே சேர்ப்பது ஓரளவு காக்கும். எண்ணின் வடிவம் இன்னது என்று மூன்று பணிக்கும் முன்னதாகவே ஒரு வரி எழுதி வைப்பது அதைவிட நல்லது. வாடகைக் கணக்கிலும் அப்படியே. பெட்டி உள்ளே வந்த நாள் இலவச நாட்களில் சேருமா, சேராதா என்று சொல்லாமல் விட்டால் ஏஜென்ட் தயங்காது. ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு போய்விடும். கட்டண ரசீது அடித்த பிறகுதான் வாடிக்கையாளர் வந்து கேட்பார்.

ஆகவே எத்தனை பெட்டி என்ற கணக்கை நினைவகத்திலிருந்து தொடங்குவது தலைகீழ். ஒருவர் ஒரு நாளில் கவனமாகப் படித்துச் சேர்க்கக்கூடிய மாற்றங்கள் எத்தனை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வாயிலில் ஏற்கெனவே மூன்று கிளைகள் நிற்கும்போது நான்காவது ஏஜென்ட்டை எழுப்பினால் வரிசைதான் நீளும்; நிற்கிற கிளைகள் ஒவ்வொரு நாளும் மூலக் கிளையிலிருந்து விலகிக்கொண்டே போகும். அனுபவமுள்ளவர்கள் ஒன்றை முக்கிய வேலையாகக் கையருகில் வைத்துக்கொண்டு, மற்றவற்றில் படிக்கச் சுலபமான பணிகளை விடுகிறார்கள்: விடுபட்ட சோதனைகளை எழுதுவது, ஒரு பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்டுவது, ஒரே சிக்கலுக்கு இரண்டு தீர்வுகளை எழுதவைத்து ஒன்றைத் தூக்கிப் போடுவது. கடைசியாகச் சொன்னதில் பெட்டியின் மலிவு நன்றாகப் பயன்படுகிறது. சேராமல் அழியப்போகும் கிளைக்கு வாயிலில் நேரம் செலவாவதில்லை.

சில வேலைகளை இணையாக ஓட்டவே கூடாது. தரவுத்தள அட்டவணையின் அமைப்பை மாற்றுவது, அடிப்படை நிரலகத்தைப் புதிய பதிப்புக்கு ஏற்றுவது, கோப்புகளைப் பெருமளவில் இடம் மாற்றுவது ஆகியவை எல்லாக் கிளைகளையும் தொடுபவை. மற்ற பெட்டிகளை நிறுத்தி, காத்திருக்கும் கிளைகளை முதலில் சேர்த்துவிட்டு, இவற்றைத் தனியாகச் செய்து முடித்து, புதிய இமேஜ் கட்டிய பிறகே அடுத்த பெட்டிகளை எழுப்புகிறார்கள்.